பதினோராவது சிலிண்டர்

தி. நகரில், உஸ்மான் சாலையின் இரைச்சல் சற்றே குறையும் ஒரு பின்தெருவில், 'ராங்க் பட்டறை' என்ற பயிற்சி மையம் இருந்தது. அதன் நிறுவனர், முதல்வர், வேதியியல் ஆசிரியர், மாடிப்படிச் சுவர் முழுக்கப் புன்னகைப்பவர் எல்லாமே குருபிரசாத் ஒருவர்தான். நங்கநல்லூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தவர், இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருந்தார். யூடியூபில் அவரைப் பின்தொடர்ந்தவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அவர் வளர்ந்த ரகசியம் எளிமையானது. மற்ற ஆசிரியர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று சொன்னார்கள். குருபிரசாத் எதைப் படிக்க வேண்டாம் என்று சொன்னார். பதினேழு வயதுப் பிள்ளைகள் யாரிடம் போவார்கள் என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை.

வாயுக்கள் பாடத்தை அவர் நடத்தும் விதம் பிரபலம். பலகையில் ஐடியல் காஸ் சமன்பாட்டை ஒரு வரியில் எழுதுவார். அதைச் சுற்றி இதய வடிவத்தில் ஒரு கோடு போடுவார்.

"ஐடியல் காஸ்னா யாரு? நல்ல பையன். அணுவுக்கு சைஸே கிடையாது. ஒண்ணை ஒண்ணு இழுக்காது. ஃபார்முலா சொன்னபடி நடக்கும். ரியல் காஸ்னா யாரு? பக்கத்து வீட்டுக்காரன். இடத்தை அடைப்பான், வந்து ஒட்டிக்குவான், சொன்ன பேச்சு கேக்க மாட்டான். மொத்தமே ஒரு மார்க். விடுங்க, பொழைச்சுப் போகட்டும்."

வகுப்பு சிரிக்கும். பிள்ளைகள் பாடத்தின் அந்தப் பாதியைப் பேனாவால் குறுக்கே அடிப்பார்கள். அந்தக் கோட்டைப் போடும்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைத்தான் குருபிரசாத் விற்றுக்கொண்டிருந்தார்.

அங்கே இரண்டாவது வேதியியல் ஆசிரியை ஸ்ரீலக்ஷ்மி. மயிலாப்பூர்க்காரி. முன்பு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவள். சம்பளத்துக்காகத்தான் பட்டறைக்கு வந்தாள் என்பதை யாரும் கேட்காமலே அடிக்கடி சொல்வாள். அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தும்வரை அவளால் ஒரு வாய் காபி இறக்க முடியாது. ராங்க் பட்டறையில் அவள் காபி எப்போதும் ஆறிப்போயே இருந்தது.

அந்த வருடம் பட்டறைக்குப் பத்தாவது ஆண்டு விழா வந்தது. விளம்பரத்தைக் கவனித்துக்கொண்ட தீபிகாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து ஒரு பெரிய ஹீலியம் பலூனைக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். பலூன் முழுக்கக் குருபிரசாத்தின் முகம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு புன்னகை.

"சார், பாண்டி பஜார்ல நிக்கிறவங்களுக்குக்கூட உங்க பல்லு தெரியும்," என்றாள் தீபிகா.

குருபிரசாத் உடனே சம்மதித்தார்.

ஹீலியம் தருவதாக ஒப்புக்கொண்டவர் ஈக்காட்டுத்தாங்கலில் காஸ் ஏஜென்சி வைத்திருந்த வலியுல்லா. அவர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார்: "எத்தினி சிலிண்டர் ஓணும்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லிடு சார். அப்பால பத்தல, மிஞ்சிடுச்சின்னு என்னாண்ட வரக் கூடாது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் குருபிரசாத்துக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். அன்று மாலையே ஒரு வீடியோ வெளிவந்தது. பலூனின் கொள்ளளவு இவ்வளவு, சிலிண்டரின் கொள்ளளவு இவ்வளவு, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல இருநூறு மடங்கு. மூச்சு விடுவதற்குள் விடை: பத்து சிலிண்டர்.

"விழா அன்னிக்கு மாடிக்குச் சரியா பத்து சிலிண்டர்தான் வரும்," என்றார் கேமராவைப் பார்த்து. "ரியல் காஸ், ரியல் காஸ்னு பயமுறுத்தறவங்க எல்லாரும் வந்து பாருங்க. நம்ம ஃபார்முலா வானத்துல பறக்கும்."

மறுநாள் ஆசிரியர்கள் அறையில் ஸ்ரீலக்ஷ்மி அந்த வீடியோவைப் பார்த்தாள். காபியைத் தள்ளிவைத்துவிட்டுக் குருபிரசாத்தின் மேசைக்குப் போனாள். அவர் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பத்து போறாது. பதினொண்ணு வேணும்."

"ஏன், எங்கயாவது லீக் ஆகுமா?"

"லீக் இல்லை சார். ஹீலியம் ஐடியல் காஸ் இல்லை."

குருபிரசாத் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "மேடம், உலகத்துலயே ஐடியலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற காஸ் ஹீலியம்தான். நீங்க தூக்கிட்டு அலையற புத்தகத்துலயே போட்டிருக்கு."

"வெளியில சாதாரணமா இருக்கறப்போ சரி. சிலிண்டருக்குள்ள இருநூறு மடங்கு நெருக்கி வெச்சிருக்கா. அவ்வளவு நெருக்கினா அணுவோட சொந்த சைஸே இடத்தை எடுத்துண்டுடும். ஃபார்முலா சொல்ற அளவு உள்ள அடங்காது. பத்துல ஒரு பங்கு கிட்ட குறையும்."

குருபிரசாத்துக்கு என்றோ படித்தது ஏதோ லேசாக நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். "ரியல் காஸ்ல ஈர்ப்பும் உண்டே மேடம். ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டா கிட்டக்கிட்ட வரும். அப்ப ஃபார்முலாவைவிட ஜாஸ்திதானே அடங்கணும்? அந்தக் கணக்குல எனக்கு ஒரு சிலிண்டர் மிச்சம் ஆகணும்."

அறையில் இருந்த இயற்பியல் ஆசிரியர் தன் கைபேசியை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

"கார்பன் டை ஆக்ஸைடா இருந்தா நீங்க சொல்றது சரியா இருக்கலாம்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "ஹீலியம் அணு ஒண்ணை ஒண்ணு சீண்டவே சீண்டாது. ஈர்ப்பு இருக்குன்னே சொல்ல முடியாது. சைஸ் மட்டும்தான் மிச்சம். அதனால குறையத்தான் செய்யும். சார், ஒரு சிலிண்டர் கூட வரட்டுமே. ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

குருபிரசாத் குரலைத் தாழ்த்தினார். "பதினோராவது சிலிண்டர் மாடிக்கு வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? ரியல் காஸ்னு ஒண்ணு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. வீடியோவை ரெண்டு லட்சம் பேர் பாத்தாச்சு மேடம்."

இயற்கையைவிட இரண்டு லட்சம் பெரிய எண் என்று அவர் நம்பியதில் தவறில்லை. அதுவரை அவர் வாழ்க்கை அப்படித்தான் நடந்திருந்தது. போகிற போக்கில், நாளையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி உலோகவியல் பாடம் எடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பாடத்துக்குப் பட்டறையில் யாரும் வருவதில்லை.

இரண்டு நாள் கழித்து, வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் கிரீஷிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"நீ சொல்றதுதான் சரின்னே வெச்சுப்போம். பலூன் பறக்காதா?"

"பறக்கும்."

"பின்னே?"

"முழுசா உப்பாது."

"அவர் மூஞ்சி கொஞ்சம் சப்பையாத் தெரியும். அதுக்கா ஆத்துல ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசாம இருக்கே?"

ஸ்ரீலக்ஷ்மி எழுந்து கை அலம்பினாள். உண்மைக்காகத்தான் இவ்வளவு கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விழா அன்று காலை கபாலி கோயிலுக்குப் போனாள். பலூன் சுருங்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளாமலே, பிரகாரத்தை ஒரு சுற்று அதிகமாக வந்தாள்.

பிற்பகலில் மொட்டை மாடியில் பத்து சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மாலை போட்டு, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தாள் தீபிகா. மாணவர்கள், பெற்றோர், மூன்று கேமராக்கள். யூடியூபில் நேரலை ஓடியது. வலியுல்லாவும் அவருடைய ஆட்கள் இருவரும் குழாயைப் பொருத்தி வால்வைத் திறந்தார்கள். தரையில் பாயைப் போலக் கிடந்த பலூன் சீறலோடு அசைந்து எழுந்தது.

முதலில் குருபிரசாத்தின் நெற்றி வந்தது. அப்புறம் மூக்குக் கண்ணாடி, அப்புறம் மூக்கு. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஒவ்வொரு சிலிண்டர் காலியாகும்போதும் தீபிகா ஒலிபெருக்கியில் எண்ணைச் சொன்னாள். பத்தாவது எண்ணைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் பாதியில் தயங்கியது.

ஹீலியம் மேலே போகிற சுபாவம் உள்ளது. அதனால் பலூனின் மேல்பாதி முரசைப் போல இறுகியிருந்தது. குறைந்ததெல்லாம் கீழே குறைந்திருந்தது. மூக்குக்குக் கீழே துணி தொய்ந்து மடிந்து, அச்சிட்டிருந்த பல்வரிசை முழுவதும் அந்த மடிப்புக்குள் போய்விட்டது. பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்த பெரியவரைப் போல இருந்தார் குருபிரசாத்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா பாருங்க," என்றார் அசல் குருபிரசாத்.

"காலி சார். கவுத்துப் போட்டு உதறிக் காட்டவா?" என்றார் வலியுல்லா.

"எங்கயோ லீக் ஆகுது."

"என் சாமான்ல லீக் கீதுன்னு மட்டும் சொல்லாத சார். பத்துன்னு வீடியோல சொன்னது நீ. இது புதுத் துணி, மொத தபா அப்படித்தான் தொங்கும். ரெண்டு தபா ஊதி எறக்கினா சரியாப்பூடும்." இது முழுப் பொய். ஆனால் சொன்ன விதத்தில் ஓர் அனுபவம் தெரிந்ததால் சிலர் தலையாட்டினார்கள்.

குருபிரசாத்தின் பார்வை கூட்டத்தில் ஸ்ரீலக்ஷ்மியைத் தேடிப் பிடித்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"ஒண்ணு குறையறது சார்," என்றாள்.

"சார், லைவ்ல இருக்கோம்," என்று தீபிகா அவர் காதருகே சொன்னாள். இறக்குவதற்கும் வழியில்லை, நிறுத்துவதற்கும் வழியில்லை. குருபிரசாத் கையைத் தூக்கினார். கயிற்றைத் தளர்த்தினார்கள். பலூன் ஏறியது.

கீழே தெருவில் நின்றவர்களுக்கு பலூனின் அடிப்பக்கம்தான் நன்றாகத் தெரியும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. உஸ்மான் சாலையில் பைகளோடு நடந்த ஜனம் அண்ணாந்து பார்த்தது. அந்த நேரத்தில் கடற்காற்றும் வந்து சேர்ந்தது. நன்றாக உப்பிய பலூன் என்றால் காற்றைத் தாங்கி நிற்கும். இது கன்னத்தில் குழி விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிறு போன தூரம் போய், ஒரு நகைக்கடையின் உச்சியில் இருந்த விளம்பரப் பலகையில் முட்டி நின்றது.

பலகையில் தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக ஒரு மணப்பெண் நாணத்தோடு நின்றாள். அவள் தோளில் குருபிரசாத் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். காற்று அடிக்கும்போதெல்லாம் பல்லில்லாத வாய் திறந்து மூடியது. பெண்ணின் காதில் அவர் ஏதோ கெஞ்சிக் கேட்பதைப் போலவே இருந்தது.

"இன்னாடி இது, மாப்புள்ளையா?" என்றாள் கீழே பூ விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி.

"மாப்புள்ளையோட நைனா மாதிரி கீது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நூறு கைபேசிகள் உயர்ந்தன. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மாடியேறி வந்து, மணப்பெண்ணை உடனே விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டார். இருட்டுவதற்குள் பலூனைக் கீழே இழுத்துவிட்டார்கள். படங்களை இழுக்க முடியவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி அன்றிரவு இரண்டு டம்ளர் காபி சூடாகக் குடித்தாள்.

அடுத்த சில நாட்கள் குருபிரசாத் பட்டறைக்கு வரவில்லை. ஸ்ரீலக்ஷ்மி பேருந்தில் போகும்போதும் வரும்போதும் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவர் வந்து மன்னிப்புக் கேட்பார். அவள் உடனே ஏற்றுக்கொள்ள மாட்டாள். 'உங்ககிட்ட கேக்க வேண்டாம் சார், பசங்ககிட்ட கேளுங்கோ' என்பாள். அந்த வாக்கியத்தில் 'கேளுங்கோ'வை எவ்வளவு மென்மையாகச் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

அதற்குள் புது வீடியோ வந்துவிட்டது. 'என் முகம் ஏன் சுருங்கியது? யாரும் சொல்லாத ரியல் காஸ் ரகசியம்.' கறுப்புச் சட்டையில், வருத்தமும் ஞானமும் கலந்த முகத்தோடு குருபிரசாத் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் சிரிச்சீங்க. சிரிங்க. உங்களுக்குப் புரியணுங்கறதுக்காக என் முகத்தையே சோதனைக்குக் கொடுத்தேன். பத்து சிலிண்டர் பத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? அவ்வளவு நெருக்கினா அணுவோட சொந்த சைஸே இடத்தை எடுத்துக்கும். கார்பன் டை ஆக்ஸைடா இருந்தா கதை வேற. ஹீலியம் அணு ஒண்ணை ஒண்ணு சீண்டவே சீண்டாது."

வார்த்தைக்கு வார்த்தை அவளுடையது. கடைசியில் அறிவிப்பு வந்தது: ரியல் காஸ் மாஸ்டர் கிளாஸ், இடங்கள் குறைவு, முந்துங்கள். மணப்பெண் தோளில் சாய்ந்த படத்தையே தீபிகா அதற்கு விளம்பரமாக்கியிருந்தாள். வீடியோவின் கீழே பிள்ளைகள் 'லெஜண்ட்' என்றும், பெற்றோர்கள் 'இப்படி ஓர் அர்ப்பணிப்பா' என்றும் எழுதியிருந்தார்கள்.

ஸ்ரீலக்ஷ்மி கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் போனாள்.

"சார், அது நான் சொன்னது."

"ஆமா மேடம்," என்றார் குருபிரசாத், கொஞ்சமும் கூசாமல். "நீங்க சொல்லாட்டி நான் எங்க போறது? உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"சீட்டெல்லாம் ஃபுல் ஆயிடுச்சு. இப்ப பிரச்சினை என்னன்னா, யாராவது கிளாஸ் எடுக்கணும். எனக்கு ரியல் காஸ் தெரியாது மேடம். சத்தியமாத் தெரியாது. நீங்கதான் எடுக்கணும். உங்க பேர்லயே போட்டுடறேன், ஃபோட்டோவோட."

இத்தனை நாள் பார்த்ததில் அவர் சொன்ன முதல் உண்மை இதுதான் என்று ஸ்ரீலக்ஷ்மிக்குத் தோன்றியது. உண்மைக்கு அவள் எப்போதும் கொஞ்சம் இளகிவிடுவாள். ஃபோட்டோ என்ற சொல்லுக்கும் இளகினாளா என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

"ஒரு கண்டிஷன்," என்றாள். "ஷார்ட்கட் கிடையாது. வான் டர் வால்ஸ் சமன்பாட்டை முதல்லேர்ந்து பசங்களுக்கு வருவிச்சுக் காட்டுவேன்."

"தாராளமா," என்றார் குருபிரசாத். "பிரம்மா வரைக்கும் போங்க."

முதல் வகுப்பில் கூடம் நிரம்பி, மாடிப்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி அதுவரை அப்படி ஒரு வகுப்பு எடுத்ததில்லை. அணுவின் பருமனால் எவ்வளவு இடம் போகிறது, ஈர்ப்பினால் சுவரில் மோதும் வேகம் எப்படிக் குறைகிறது, இந்த இரண்டையும் பழைய சமன்பாட்டில் எப்படிச் சேர்ப்பது என்று படிப்படியாகப் பலகையை நிரப்பினாள். கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பக்தி என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது பின்வரிசையில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கயல் என்ற பெண் கையைத் தூக்கினாள். "மேம், கடைசி லைன் மட்டும் சொல்லிடறீங்களா? அதுதானே கேப்பாங்க?"

மூன்றாவது வகுப்பில் கூடம் பாதிதான் இருந்தது. அன்று தீபிகா ஆசிரியர்கள் அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேம், நீங்க எடுக்கறது சூப்பரா இருக்கு. கதவாண்ட நின்னு கேட்டேன், எனக்கே பாதி புரிஞ்சிடுச்சு. ஆனா பாருங்க, இவங்க புரிஞ்சுக்கறதுக்கு வரல. முடிக்கறதுக்கு வராங்க. அடுத்த வாரமும் இப்படியே போச்சுன்னா சார் பேட்ச்சை மூடிடுவார். அப்பறம் திரும்பவும் உலோகவியல்தான்."

அன்று மாலை ஸ்ரீலக்ஷ்மி பட்டறையிலிருந்து கிளம்பினாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடுகளை அசைத்துக்கொண்டே போனாள். கிரீஷ் கேட்டதற்கு, தலைவலி என்றாள்.

நான்காவது வகுப்பில் அவள் பலகையில் எதையும் வருவிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, கொஞ்சம் தாளத்தோடு சொன்னாள்:

"ஹீலியம், ஹைட்ரஜன் ஒண்ணுக்கு மேலே. மத்ததெல்லாம் ஒண்ணுக்குக் கீழே. சொல்லுங்கோ பாக்கலாம்."

ஐடியல் காஸ் எடுக்கும் இடம் ஒன்று என்றால், அதைவிடக் கூடினால் ஒன்றுக்கு மேலே, குறைந்தால் கீழே, அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு முறை சொன்னார்கள். பின்வரிசை எழுந்து உட்கார்ந்தது. யாரோ மேசையில் தாளம் போட, கூடமே பாட ஆரம்பித்தது. முடித்ததும் கைதட்டினார்கள். ஸ்ரீலக்ஷ்மிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல்.

அந்த வரி முழு உண்மை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுத்தம் மிக அதிகமானால் மற்ற வாயுக்களும் ஒன்றுக்கு மேலே போய்விடும். குளிர்ச்சி மிக அதிகமானால் ஹீலியம்கூடக் கீழே வரும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஓயட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தாள். ஓய்வதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தப் பாட்டை யாரோ ஒரு பிள்ளை வீடியோ எடுத்துப் போட்டதை மறுநாள் ஊரே பார்த்தது. கூடம் மறுபடி நிரம்பியது. குருபிரசாத் அவள் மேசைக்கே வந்து சூடான காபி வைத்துவிட்டுப் போனார். அவள் அதை ஆறவிடாமல் குடித்தாள்.

ஒரு சனிக்கிழமை, விளம்பரப் பலகைக்குப் படம் எடுக்க ராகேஷ் என்ற புகைப்படக்காரன் குடையும் விளக்குமாக வந்தான். ஸ்ரீலக்ஷ்மி அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். முந்தின நாள் சாதாரணக் கைத்தறிப் புடவை போதும் என்று சொன்னவள் அவளேதான்.

"கையை முன்னாடி கட்டிக்கோங்க மேடம்," என்றான் ராகேஷ். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி லேசா ஒரு சிரிப்பு."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு சுலபமாகவே வந்தது.

"எங்கெல்லாம் வெக்கப் போறேள்?" என்று தீபிகாவிடம் கேட்டாள்.

"பஸ் ஸ்டாப்ல மூணு மேம், அடையாறு சிக்னல்ல ஒண்ணு. லஸ் கார்னர்லயும் கேட்டிருக்கோம்."

ஸ்ரீலக்ஷ்மி ஒரு கணம் யோசித்தாள். தோளில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"கபாலி கோயில்கிட்ட, தெற்கு மாட வீதியில ஒண்ணு வெச்சா நன்னாயிருக்கும்," என்றாள். "கொஞ்சம் பெரிசா."